பென்சில் குறி இல்லாத மௌனம்

…கோட்டைக்கூடக் கழற்றவில்லை, அதே நீலக் கோட்டு, மூன்றாவது வரிசையில் நடைபாதையை ஒட்டின நாற்காலி, எந்த நேரமும் எழுந்து போகத் தோதான இடம், அப்பா எங்கே போனாலும் அப்படி ஓர் இடமாகப் பார்த்துத்தான் உட்காருவார், கல்யாண வீடானாலும் சரி, பல் ஆஸ்பத்திரியானாலும் சரி… ஹில்லா பக்கத் திரையின் இடுக்கிலிருந்து கண்ணை எடுத்தாள், மறுபடி வைத்தாள், இல்லை, பிரமை இல்லை, அவரேதான், முடி முன்னால் நன்றாகக் கொட்டியிருக்கிறது, மடியில் நிகழ்ச்சித் தாளை விரித்து விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டுக்கொண்டு வருகிறார். ஐயோ, அந்தத் தாளில் அவள் பெயர் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், கடைசிக்கு முந்தின வரியில், விளக்கு போடுகிறவனுக்கும் காப்பி போடும் பெற்றோர் குழுவுக்கும் நடுவில். வரமாட்டார் என்றுதானே நினைத்தாள்? ஏழு வருடத்தில் எதற்கு வந்தார், எட்டாம் வகுப்பு ஆண்டு விழாவுக்கு வந்தாரா, கையை உடைத்துக்கொண்டு கிடந்தபோது வந்தாரா, அந்தத் தைரியத்தில்தானே அக்டோபரில் தொலைபேசியில் அத்தனை பெரிய பொய்யை அவிழ்த்துவிட்டாள். "நாடகத்துல உனக்கு வசனம் இருக்கா குட்டி?" "நிறைய இருக்குப்பா." "என்ன வேஷம்?" "மகள் வேஷம்." எவ்வளவு சுலபமாக வந்தது வாயில், மூன்று வருடம் நடிப்புப் படித்ததற்கு அது ஒன்றுதான் மிச்சம். அவர், சரி, பிப்ரவரி பதினாலுதானே, பார்க்கிறேன் என்றார். அப்பா பார்க்கிறேன் என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம், அது ஊருக்கே தெரியும். இன்றைக்குப் பார்த்து எல்லையைத் தாண்டி, ஸ்வீடன் இரும்பாலையில் லீவு சொல்லி, லூலியோவிலிருந்து பனி ரோட்டில் ஆறரை மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார் மனுஷன்.

மகள் வேஷத்தில் தூலி. அவள் இப்போது மேடைக்குப் பின்னால் வரிசையில் நின்று உதை வாங்கிக்கொண்டிருக்கிறாள், ஹில்லாவுக்குச் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. முதல் காட்சி தொடங்குவதற்கு முன்னால் அதிர்ஷ்டத்துக்காக ஒருவரையொருவர் பின்பக்கத்தில் முழங்காலால் ஓர் உதை, அந்த உதை விழாமல் இந்த நாட்டில் எந்த நடிகனும் புது நாடகத்துக்கு மேடை ஏறமாட்டான், வாங்கினவன் நன்றி மட்டும் சொல்லிவிடக் கூடாது, சொன்னால் போச்சு, பலிக்காது. போன வருடம் ஒரு முதலாமாண்டுப் பெண் வாய் தவறி நன்றி சொல்லிவிட, கைசு, அவர்களுடைய நாடக ஆசிரியை, ஐம்பத்தாறு வயது, வாயில் எப்போதும் கறுப்பு உப்பு மிட்டாய், அந்தப் பெண்ணை மெல்லிய மேடைச் சட்டையோடு பனியில் மூன்று சுற்றுச் சுற்றிவரச் சொல்லிவிட்டு மறுபடி புதிதாக உதைத்தார். ஹில்லா அந்த வரிசையில் நிற்கவில்லை. நின்றிருக்கலாம், யாரும் வராதே என்று சொல்லவில்லை, ஆனால் அவள் வசனப் புத்தகத்துக்கான தன் விளக்கைச் சரி பார்க்கப் போயிருந்தாள், கட்டை விரல் பருமன் விளக்கு, அதைச் சரி பார்க்க எத்தனை நேரம் ஆகும், இரண்டு முறை போட்டு அணைத்தால் தீர்ந்தது, அவள் இருபது முறை போட்டு அணைத்தாள். வசனம் எடுத்துக்கொடுக்கிறவளுக்கு எதற்கு அதிர்ஷ்டம்? அவளுக்கு வேலை வந்தாலே வேறு யாருக்கோ அதிர்ஷ்டம் போய்விட்டது என்றுதானே அர்த்தம்… இருந்தாலும் யாராவது ஒருத்தர், ஹில்லா எங்கே, அவளையும் கூப்பிடுங்கடி என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் வந்திருப்பாளா, அதுவும் தெரியாது.

மூன்று வருடம் இந்தப் பள்ளியில் அவள் படித்ததெல்லாம் என்ன, முட்டி தேயாமல் விழுவது, ஒரே வாக்கியத்தைப் பத்து விதமாகச் சொல்வது, வெங்காயம் இல்லாமல் அழுவது, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி கிசுகிசுப்பது, எல்லாம் படித்தாள், கிசுகிசுப்பதில் வகுப்பிலேயே அவள்தான் முதல், அதைத்தான் கைசு காரணமாகச் சொன்னார், "கிசுகிசுக்கத் தெரிஞ்சவ நீதான் கண்ணு, புத்தகத்தை நீயே வெச்சுக்கோ." நல்ல காரணம். உண்மையான காரணம், வேஷங்களுக்கு ஆள் எடுக்கச் செப்டம்பரில் நடந்த தேர்வு. அதற்கும் முன்னால் அந்தத் தொப்பி. இந்த நாடகத்தைக் கைசு தானாக எழுதவில்லை, வகுப்பில் எல்லோரையும் ஆளுக்கு ஒரு துண்டுத் தாளில், வீட்டில் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்ட ஒரே ஒரு வாக்கியத்தை எழுதிப் போடச் சொன்னார், பெயர் எழுதக் கூடாது, ஒரு பழைய கம்பளித் தொப்பி சுற்றி வந்தது, அதில் விழுந்த பதினேழு வாக்கியங்களை வைத்துத்தான் கதையைக் கட்டினார். ஹில்லா எழுதிப்போட்டது இரண்டே சொல். கைசு அந்த இரண்டு சொல்லைத் தூக்கி மூன்றாம் காட்சியின் நடுவில் வைத்துவிட்டார், தந்தை பெட்டியோடு வாசலில் நிற்கிறார், மகள் சொல்கிறாள்: காப்பி ஆறுது. அவ்வளவுதான். கைசுவுக்கே தெரியாது அது யாருடையது என்று.

தேர்வன்று அந்த இடம் வந்ததும் ஹில்லா நின்றுவிட்டாள். அந்தச் சமையலறை வந்துவிட்டது, அவளுக்குப் பதினொரு வயது, கம்பளிக் காலுறையோடு குளிர்பெட்டியில் சாய்ந்துகொண்டு நிற்கிறாள், குளியலறையில் அம்மா குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு உள்ளேயே இருக்கிறாள், மேசையில் அப்பாவின் காப்பி பாதிக் கோப்பை, மெல்ல ஆவி, வாசலில் அப்பா, ஒரு சக்கரம் உடைந்த பெட்டி, நீலக் கோட்டு… ஒரு வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்து நிற்கிறது, சொன்னால் திரும்பி வந்து உட்கார்ந்து அந்தப் பாதியைக் குடிப்பார், குடிக்க ஐந்து நிமிடமாவது ஆகும், ஐந்து நிமிடத்தில் என்னவெல்லாமோ மாறலாம்… "கூப்பிடறேன் குட்டி" என்றார், கதவு சாத்திக்கொண்டது. அந்தக் காப்பியை அவள்தான் எடுத்துக் குடித்தாள், வாழ்க்கையில் முதல் காப்பி, ஆறிப்போன கசப்பு. தேர்வில் அந்த மௌனத்தில் அவள் எத்தனை நேரம் நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது, ஆனால் உடம்புக்குத் தெரிந்தது, இதுதான், இதைத்தான் மூன்று வருடமாகத் தேடினேன், இதோ வருகிறது, இப்போது வாயைத் திறந்தால் அது தானாக வந்து விழும், அப்போது பார்த்து இருட்டுக்குள்ளிருந்து கைசுவின் குரல், அன்பான குரல்தான், "காப்பி ஆறுது… வசனம் மறந்திருச்சா கண்ணு?" யாரோ லேசாகச் சிரித்தார்கள். அவளுடைய சொந்த வாக்கியத்தைக் கைசு அவளுக்கே எடுத்துக் கொடுத்தார். ஆமாம், மறந்துவிட்டது என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள்? இல்லை, மறக்கவில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல எத்தனை மூச்சு வேண்டும்? மறுநாள் அறிவிப்புப் பலகையில் மகள் வேஷத்துக்கு நேரே தூலி.

விளக்கு அணைந்தது. திரை விலகியது. நானூறு பேர் ஒன்றாக மூச்சை இழுக்கிற அந்தச் சத்தம், கடவுளே, அது மேடையில் நின்றால் முகத்தில் படும், இங்கே முக்காலியில் உட்கார்ந்தால் காதோரம் உரசிக்கொண்டு போகிறது. முதல் காட்சியில் மூன்று பெண்கள் ஒவ்வொருத்தியாக உள்ளே வருகிறார்கள், ஒவ்வொருத்தி வரும்போதும் ஹில்லா இடுக்கு வழியே அப்பாவைப் பார்க்கிறாள், ஒவ்வொரு முறையும் அவர் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்கிறார், முகத்தைப் பார்க்கிறார், பின்னால் சாய்கிறார். பார்க்காதே ஹில்லா, புத்தகத்தைப் பார், விரல் வரியிலேயே இருக்கட்டும். தந்தை வேஷம் போட்ட ஒஸ்கரிக்கு மீசையின் இடது பக்கம் பிய்ந்து வருகிறது, அவன் அதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறான் போலிருக்கிறது, பேச வேண்டிய இடத்தில் கண் அலைந்து நேரே இவளிடம் வந்து விழுந்தது, "கப்பல் வியாழக்கிழமை" என்று எடுத்துக்கொடுத்தாள், மூச்சோடு மூச்சாக, அவனுக்கு மட்டும், பிடித்துக்கொண்டான். அதுதான் கைசு சொல்லிக்கொடுத்தது, "புத்தகத்தைப் பார்க்காதே, கண்ணைப் பாரு. மறந்தவங்க கண்ணு உன்னைத் தேடும். நடிக்கிறவங்க கண்ணு உன்னைத் தேடாது. சந்தேகமா இருந்தா நாலு வரைக்கும் எண்ணு." ஒத்திகையில் யார் எங்கே வேண்டுமென்றே நிறுத்துகிறார்களோ அங்கெல்லாம் புத்தகத்தில் பென்சிலால் ஒரு சின்ன வளைவு போட்டு வைத்திருக்கிறாள், அந்த இடத்தில் வாயைத் திறக்கக் கூடாது, நடிக்கிற ஒருவரின் மௌனத்துக்குள் வசனம் எடுத்துக்கொடுப்பதைப் போல அசிங்கம் இந்தத் தொழிலில் வேறில்லை. அறுபத்துநாலு பக்கத்தில் நாற்பத்தொரு வளைவு. மூன்றாம் காட்சியில் காப்பிக்கு முன்னால் வளைவு இல்லை. தூலி ஒத்திகையில் ஒரு நாளும் அங்கே நிறுத்தியதில்லை, கதவு, பெட்டி, காப்பி ஆறுது, எல்லாம் கடகடவென்று, நன்றாகத்தான் சொல்வாள், கேட்கிறவர்களுக்குப் பிடிக்கும்.

தூலியை வெறுக்க முடிந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். டிசம்பரில் ஒருநாள் கோட்டு மாட்டுகிற இடத்தில், ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்றுகொண்டு, "தேர்வு அன்னைக்கு நீ நின்ன பாரு, அது மறதி இல்லடி" என்றாள். ஹில்லாவுக்குக் காது சூடாகிவிட்டது. "மறதிதான்" என்றாள். "சும்மா சொல்லாதடி, நான் பார்த்துக்கிட்டேதானே இருந்தேன், கைசு குறுக்க பேசிக் கெடுத்துட்டாங்க." "மறதிதான்னு சொல்றேன்ல, ஆளை விடு." இரண்டாவது தடவையாகத் தன்னையே மறுத்தாள். அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஒருத்திக்காவது தெரியும், ஒருத்திக்காவது தெரியும் என்று நடைக்கேற்பச் சொல்லிக்கொண்டே போனாள், ஆனால் மறுநாள் தூலியோடு பேசவில்லை.

மூன்றாம் காட்சி. மேசை, கோப்பை, சன்னல். ஒஸ்கரி பெட்டியைத் தூக்குகிறான், மீசை எப்படியோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாசல் வரைக்கும் போகிறான், திரும்புகிறான். இப்போது. காப்பி ஆறுது, தூலி, இப்போது… தூலி பேசவில்லை. ஹில்லாவின் விரல் வரியின் அடியில் நிற்கிறது, வளைவு இல்லை, பென்சில் குறி எதுவும் இல்லை. ஒன்று. எங்கோ ஒருவர் இருமினார். மறந்துவிட்டாளா? கண்ணைப் பார், கண்ணைப் பார். தூலி கோப்பையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஒரு கால் மற்றொரு காலின் மேல் ஏறி நிற்கிறது, தோள் லேசாகப் பின்னால் சாய்ந்து… குளிர்பெட்டி, அங்கே மேடையில் குளிர்பெட்டியே இல்லை, ஆனால் தூலி அதில் சாய்ந்து நிற்கிறாள்! இது என்னுடையது. இரண்டு. தேர்வன்று நான் நின்ற நிற்பு, என் கால், என் தோள், எடுத்து வைத்துக்கொண்டாள், இத்தனை நாள் ஒத்திகையில் காட்டாமல் இன்றைக்குப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள், நானூறு பேர், ஒரு இருமல்கூட இல்லை இப்போது, எல்லோரும் அந்தக் கோப்பையைப் பார்க்கிறார்கள், இப்படித்தான் இருந்திருக்குமா, என்னை விட்டிருந்தால் இப்படித்தான் இருந்திருக்குமா? மூன்று. இடுக்கு வழியே நீலக் கோட்டு. அப்பா முன்னால் குனிந்திருக்கிறார். இரண்டு கையும் முழங்காலில். அவரும் கோப்பையைத்தான் பார்க்கிறார். தூலியின் கண் ஹில்லாவைத் தேடவில்லை, ஒரு தடவைகூடத் தேடவில்லை, அவள் மறக்கவில்லை, அது ஹில்லாவுக்குத் தெரிந்தது, நன்றாகத் தெரிந்தது, தெரிந்துகொண்டேதான் அவள் வாய் திறந்தது.

"காப்பி ஆறுது."

அந்தச் சத்தத்தில் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. எடுத்துக்கொடுக்கிற கிசுகிசுப்பு இல்லை அது, மூச்சோடு போகிறதில்லை, முதல் வருடத்தில் படித்தது, கடைசி வரிசைக்குக் கேட்கிற கிசுகிசுப்பு. இருட்டிலிருந்து ஒரு குரல் வந்து மேடையைத் தாண்டி அரங்கத்துக்குள் போனது. செத்தேன். எதிர்ப்பக்கத் திரையோரம் கைசுவின் தாடை மிட்டாயை மெல்லுவதை நிறுத்தியது. தூலி… தூலி மெல்லத் தலையைத் திருப்பினாள், ஹில்லா இருக்கிற இருட்டுப் பக்கம், அடுத்த அறையில் இன்னொருத்தி இருக்கிறாள் என்பது போல, அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டது போல, பிறகு ஒஸ்கரியிடம் திரும்பி அதே இரண்டு சொல்லைச் சின்னக் குரலில் தானும் சொன்னாள். யாருக்கும் எதுவும் தப்பாகத் தெரியவில்லை. முன் வரிசையில் ஒரு பெண் கைக்குட்டையை எடுத்தாள். ஒஸ்கரி கதவைச் சாத்திக்கொண்டு போனான். அப்பா மட்டும் மேடையைப் பார்க்கவில்லை, பக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், இடுக்கு இருக்கிற இடத்தையே, ஹில்லா சட்டென்று பின்னால் நகர்ந்து விளக்கைக் கையால் பொத்தினாள், விரல் இடுக்கெல்லாம் சிவப்பாகத் தெரிந்தது.

காட்சி முடிந்து தூலி வெளியே வருவாள், இந்தப் பக்கமாகத்தான் வருவாள், வேறு வழி இல்லை. என்ன சொல்வது? நீ மறந்துவிட்டாய் என்று நினைத்தேன் என்று சொல்லலாம், எல்லோரும் நம்புவார்கள், கைசுகூட நம்புவார், வளைவு இல்லாத இடம்தானே, புத்தகத்தைத் திறந்து காட்டலாம். எதற்குச் செய்தாள்? பொறாமையா, அன்றைக்கு எனக்குச் செய்ததை இன்றைக்கு உனக்குச் செய்கிறேன் என்கிற கணக்கா, அதுவும் கொஞ்சம் இருந்திருக்கும், இல்லை என்று யார் சொல்வது… தூலி வந்து நின்றாள், வேர்வை, கண்மை கலைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு. "நான் மறக்கலடி" என்றாள். "தெரியும்" என்றாள் ஹில்லா. மூன்று வருடத்தில் அவள் சொன்ன முதல் உண்மை அதுதானோ என்னவோ. தூலி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "உன்னோடதுதானே அது? தொப்பியில விழுந்த அந்தத் தாளு?" ஹில்லா விரலை வரியிலிருந்து எடுத்தாள். "எந்திரி" என்றாள் தூலி. எழுந்தாள். "திரும்பு." திரும்பினாள். பின்பக்கத்தில் முழங்காலால் ஓங்கி ஓர் உதை, வலித்தது, நன்றாகவே வலித்தது. கோபத்தில் உதைத்தாளா, விட்டுப்போன அதிர்ஷ்டத்தைக் கொடுத்தாளா, கேட்பதற்குள் தூலி அடுத்த உடையை மாற்ற ஓடிவிட்டாள். நன்றி சொல்லக் கூடாது என்கிற விதி அன்று ஹில்லாவுக்கு எவ்வளவு ஒத்தாசையாக இருந்தது.

மீதி நாடகம் எப்படிப் போனது என்று அவளுக்கு நினைவில்லை, விரல் வரியில் போய்க்கொண்டிருந்தது, யாரும் தடுக்கவில்லை. கைதட்டல், எல்லோரும் கைகோத்துக் குனிந்தார்கள், மூன்று முறை. அவள் இடுக்கு வழியே பார்த்தபோது நடைபாதை ஓரத்து நாற்காலி காலியாக இருந்தது. சரி. அவ்வளவுதான். ஆறரை மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும், இருட்டுவதற்குள் பாதி தூரமாவது போக வேண்டாமா, நியாயம்தானே… புத்தகத்தை மூடி, விளக்கின் சூடு ஆறக் காத்திருந்து, ஏதோ வேலை இருப்பது போலப் படுதாவின் கயிற்றைச் சுருட்டி, பிரித்து, மறுபடி சுருட்டி, கூட்டம் கலைந்திருக்கும் என்று தோன்றியபோதுதான் வெளியே வந்தாள்.

கூடத்தில் பெற்றோர் குழுவின் மேசையில் ஏலக்காய் பன் தீர்ந்து வெறும் தட்டுகள். சன்னலோரமாக அப்பா நின்றிருந்தார். கோட்டைக் கழற்றிக் கையில் மடித்துப் போட்டிருந்தார். மற்றொரு கையில் இரண்டு காகிதக் கோப்பைகளைச் சேர்த்துப் பிடித்திருந்தார், சூடு விரலைச் சுட்டிருக்க வேண்டும், ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டு நின்றார். அவளைப் பார்த்ததும் கால் மாற்றுவதை நிறுத்தினார். நேராக வந்து எதிரே நின்றாள், மகள் வேஷத்தைப் பற்றிக் கேட்பார், கேட்கட்டும், எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், பொய் சொன்னேன்பா, வசனமே இல்லப்பா, ஒரே ஒரு வாக்கியம், அதுவும் என் முறை இல்லாதபோது… "குட்டி" என்றார். நிறுத்தினார். வாய் திறந்தே இருந்தது, அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. கோப்பைகளில் ஒன்று அவள் பக்கம் கொஞ்சம் நகர்ந்து பாதி வழியில் நின்றுவிட்டது. அவள் பழக்கதோஷத்தில் அவர் கண்ணைப் பார்த்தாள். அது கோப்பையைப் பார்க்கவில்லை, சன்னலுக்கு வெளியே பனியைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்க்கவில்லை, அவள் முகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தது, ஒஸ்கரியின் கண் தேடிய மாதிரியே. அறுபத்துநாலு பக்கம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம், எல்லோருடைய வசனமும் தெரியும், இவருடையது மட்டும் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை. இவருக்கு அப்படி ஒரு வசனம் இருந்ததா, அன்றைக்கு வாசலில் நின்றபோதும் இப்படித்தான் அவள் முகத்தில் தேடினாரா, அவள் காப்பியையே பார்த்துக்கொண்டிருந்ததில் கவனிக்காமல் விட்டாளா? காகிதக் கோப்பையிலிருந்து ஆவி மெலிந்துகொண்டே வந்தது. ஒன்று, என்று எண்ணினாள். இரண்டு. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது அந்த இரண்டு சொல், பல்லைக் கடித்துக்கொண்டாள். மூன்று… நான்கு… இந்த முறை அவள் எடுத்துக்கொடுக்கவில்லை, எண்ணிக்கொண்டே நின்றாள்.